குடியானவர் பிள்ளைகளுக்குச் சோதனை வழி விஞ்ஞானம்: ஹோஷங்காபாத் ஜில்லாவின் அநுபவம்

சேமித்து வைத்த விதை விதைப்புக்கு உதவுமா என்று ஐயம் ஏற்பட்டால், அநுபவமுள்ள குடியானவர் அதைப்பற்றி யாரிடமும் வாதாடுவதில்லை. நூறு விதைகளை எண்ணி எடுத்து, ஈரச் சாக்கில் முடிந்து, வீட்டு மூலையில் வைத்துவிடுகிறார். நாலைந்து நாட்கள் கழிந்தபின் முடிச்சைப் பிரித்து, முளைத்தவை எத்தனை, அழுகியவை எத்தனை என்று எண்ணி ஒரு முடிவுக்கு வருகிறார். அதே வீட்டில் ஆறாம் வகுப்பிலோ ஏழாம் வகுப்பிலோ படிக்கும் பிள்ளை, "விதை முளைக்க நீர், காற்று, வெப்பம் ஆகிய மூன்றும் வேண்டும்" என்ற வாக்கியத்தை விளக்கொளியில் பலமுறை உருப்போட்டு மறுநாள் உபாத்தியாயரிடம் ஒப்பிக்கிறது. இவ்விரண்டில் விஞ்ஞானம் என்னும் பெயருக்குத் தகுதியுடையது தகப்பனார் செய்யும் காரியமேயாகும். ஆயினும் பரீட்சையில் மதிப்பெண் கிடைப்பது பிள்ளையின் வாக்கியத்துக்கு மட்டுமே.

இந்த முரண்பாட்டைப் பெயரளவில் அன்றி உண்மையாகவே நீக்க முயன்ற இடங்கள் மிகச் சில. அவற்றுள் முதன்மையானது மத்தியப் பிரதேசத்தில் நர்மதை நதியின் தென்கரையிலுள்ள ஹோஷங்காபாத் ஜில்லா. 2022-ஆம் வருஷத்தில் இதன் பெயர் நர்மதாபுரம் என்று மாற்றப்பட்டது. கரிசல் பூமி, கோதுமையும் கொண்டைக்கடலையும் துவரையும் பழைய பயிர்கள், 1970-க்குப் பிற்பட்ட வருஷங்களில் சோயா மொச்சையும் வந்து சேர்ந்தது. இந்த ஜில்லாவின் நடுத்தரப் பாடசாலைகளில், அதாவது 6, 7, 8-ஆம் வகுப்புகளில், 1972 முதல் 2002 வரை முப்பது வருஷ காலம் விஞ்ஞானம் சோதனை வழியாகவே கற்பிக்கப்பட்டது. அதன் வரலாறு நிலமுடையோரும் கிராம அதிகாரிகளும் அறிந்திருக்கத் தக்கது. ஏனெனில் அங்கே படித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் உழவர் வீட்டுப் பிள்ளைகள். கற்பித்தவர்களும் கிராமத்து உபாத்தியாயர்களே.

தொடக்கம்

ரசூலியா என்னும் ஊரில் பிரெண்ட்ஸ் கிராமிய நிலையம் என்ற ஸ்தாபனம் நெடுங்காலமாக வேளாண்மை, கிணறு வெட்டுதல் முதலிய ஊர்ப்பணிகளைச் செய்துவந்தது. அதே ஜில்லாவின் பன்கேடி வட்டாரத்தில், கிஷோர் பாரதி என்ற ஸ்தாபனத்தை அனில் சத்கோபால் என்பவர் ஏற்படுத்தினார். இவர் பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் உயிரியல் ஆராய்ச்சி செய்து, அவ்வுத்தியோகத்தை விட்டு வந்தவர். இவ்விரு ஸ்தாபனங்களும் சேர்ந்து சர்க்காரை அணுகி, 16 நடுத்தரப் பாடசாலைகளில் விஞ்ஞான பாடத்தை மட்டும் புதிய முறையில் நடத்த அனுமதி கோரின. பாடபுத்தகத்தை மாற்றவும், பரீட்சை முறையை மாற்றவும் கல்வி இலாகா இணங்கியது. பரீட்சையை மாற்றும் உரிமை கிடைத்ததே இம்முயற்சியின் உயிர்நிலை எனலாம். பழைய பரீட்சை அப்படியே இருக்கப் புதிய போதனை புகுத்தப்பட்ட இடங்களில் எல்லாம், இரண்டாம் வருஷத்திலேயே உபாத்தியாயர்கள் பழைய வழிக்குத் திரும்பிவிடுகிறார்கள். அதில் அவர்களைக் குறை கூறவும் இடமில்லை.

டாட்டா நிலையத்தாரும், டில்லி சர்வகலாசாலையின் பௌதிக ஆசிரியர்களும், இன்னும் பல கல்லூரிகளைச் சேர்ந்தோரும் உதவிக்கு வந்தனர். பெரிய ஆராய்ச்சியாளர்கள் கிராமத்துத் தாழ்வாரத்தில் அமர்ந்து, ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் கேள்விக்கு விடை தேடியது இந்நாட்டில் அடிக்கடி காணக்கூடிய காட்சியன்று. 1978-ஆம் வருஷத்தில் சர்க்காரே இத்திட்டத்தை ஜில்லா முழுவதிலுமுள்ள இருநூறுக்கு மேற்பட்ட நடுத்தரப் பாடசாலைகளுக்கும் விரித்தது. 1982-இல் ஏகலவ்யா என்னும் ஸ்தாபனம் ஏற்பட்டு, அதன் பொறுப்பை ஏற்றுக்கொண்டது.

இலையும் வேரும் விதையும்

பாடம் நடந்த விதத்தைச் சொன்னாலன்றி இதன் தன்மை விளங்காது. பால வைஞானிக், அதாவது இளம் விஞ்ஞானி, என்பது புத்தகத்தின் பெயர். அதில் இலக்கணம் கூறும் வாக்கியங்களோ மனப்பாடம் செய்யவேண்டிய விடைகளோ இல்லை. இன்னதைச் செய்க, கண்டதை எழுதுக, ஏன் இப்படி ஆயிற்று என்று தோழரோடு பேசுக என்ற முறையில் செய்கைகளும் வினாக்களுமே இருந்தன. விடை எழுதவேண்டியது பிள்ளையின் சொந்த நோட்டில். நால்வர் சேர்ந்தது ஒரு குழு. சோதனைகள் எல்லாம் குழுவாகவே செய்யப்பட்டன.

உதாரணமாகச் செடிகளைப்பற்றிய பாடம் ஒன்றைக் கொள்வோம். பிள்ளைகள் உபாத்தியாயருடன் வயல்வெளிக்குப் போகிறார்கள். கோதுமை, சோளம், புல், கடலை, துவரை, வேலியோரத்துக் களைகள் எனக் கிடைத்தவற்றை எல்லாம் வேரோடு பிடுங்கிக்கொண்டு வருகிறார்கள். இலையை வெயிலுக்கு எதிரே பிடித்தால் நரம்புகள் தெரிகின்றன. சிலவற்றில் நரம்புகள் உழவுச்சால்போல் இணையாக ஓடுகின்றன. சிலவற்றில் வலைபோல் பின்னிக் கிடக்கின்றன. பிறகு வேரைப் பார்க்கிறார்கள். சிலவற்றுக்குச் சல்லிவேர்; சிலவற்றுக்கு ஆணிவேர். கடைசியில் விதையை ஊறவைத்து உரித்துப் பார்க்கிறார்கள். கடலையும் துவரையும் இரு பருப்பாகப் பிளக்கின்றன. கோதுமையும் சோளமும் பிளப்பதில்லை. இம்மூன்றையும் மூன்று பத்திகளாக நோட்டில் எழுதி, குறுக்கே வாசித்துப் பார்க்கும்போது, இணை நரம்புடைய இலைக்குச் சல்லிவேரும் பிளவாத விதையும், வலை நரம்புடைய இலைக்கு ஆணிவேரும் இரு பருப்பும் பொருந்திவருவதைப் பிள்ளையே கண்டுகொள்கிறது. ஒருவித்திலைத் தாவரம், இருவித்திலைத் தாவரம் என்ற பெயர்கள் அதற்குப் பின்பு வந்தால் போதும்; வந்தபின் மறப்பதில்லை.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. ஏதோ ஒரு வருஷம் ஏதோ ஒரு பிள்ளை சேம்பிலையைக் கொண்டுவரும். சேம்பு ஒருவித்திலை வகுப்பைச் சேர்ந்தது; வேரும் சல்லிவேரே; ஆனால் இலையிலோ நரம்புகள் வலைபோல் பின்னியிருக்கும். வள்ளிக்கிழங்குக் கொடியும் அப்படித்தான். மனப்பாட முறையில் இது உபாத்தியாயருக்குத் தொல்லை. சோதனை முறையில் அன்றைய பாடத்தின் சிறந்த பகுதி அதுவே. விதி எங்கே செல்லும், எங்கே செல்லாது என்று காண்பதுதானே ஆராய்ச்சி.

விதையெண்ணும் பாடம்

குடியானவர்களுக்கு நேரே பயன் தரக்கூடிய பாடம் விதை முளைத்தலைப்பற்றியது. இம்முறையில் நடத்தும் உபாத்தியாயர், "முளைப்பதற்கு என்ன வேண்டும்?" என்று கேட்டு, பிள்ளைகள் சொல்வதையெல்லாம் கரும்பலகையில் எழுதிவிடுகிறார். மண் வேண்டும் என்று ஒரு பிள்ளை. எரு வேண்டும் என்று மற்றொரு பிள்ளை. வெளிச்சம், தண்ணீர் என்று இப்படிப் பட்டியல் நீளும். எதையும் தவறென்று அடிப்பதில்லை. ஒவ்வொன்றையும் சோதிக்க வழி என்ன என்பதே அடுத்த கேள்வி. மண் வேண்டுமா என்று அறிய, ஒரு தட்டில் மண்ணிலும் ஒரு தட்டில் ஈரத்துணியிலும் விதை போட வேண்டும். ஆனால் தண்ணீரும், வைக்கும் இடமும், விதையின் ரகமும், எண்ணிக்கையும் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கவேண்டும். ஒரு சமயத்தில் ஒன்றையே மாற்றவேண்டும் என்னும் இந்த நியமத்தைப் பன்னிரண்டு வயதில் கைப்பழக்கமாகக் கற்றுக்கொண்டவன், முப்பது வயதில் புதிய உரத்தைப் பரீட்சிக்கும்போது, உரமிட்ட வயலுக்கு மட்டும் இரண்டு தண்ணீர் அதிகம் பாய்ச்சிவிட்டு, மகசூல் உயர்ந்தது உரத்தினாலா தண்ணீரினாலா என்று தெரியாமல் திகைக்கமாட்டான். விவசாய இலாகாவின் செயல்விளக்க வயல்களில் உரமிடாத பாத்தி ஒன்று ஏன் விடப்படுகிறது என்பதும் அவனுக்குச் சொல்லாமலே விளங்கும்.

அடுத்துவருவது எண்ணிக்கை. நான்கு குழுக்கள் ஒரே மூட்டையிலிருந்து தலைக்கு 25 கடலை விதைகளை எடுத்து முளைகட்டியதாக வைத்துக்கொள்வோம். ஒரு குழுவுக்கு 19 முளைத்தன. மற்றவற்றுக்கு 23, 21, 22. நூற்றுக்கு இத்தனை என்று கணக்கிட்டால், முதற் குழு 76 என்கிறது. இரண்டாம் குழு 92 என்கிறது. விதை ஒரே மூட்டையுடையது. பிழை செய்தவரும் ஒருவருமில்லை. பின் ஏன் இந்த வேற்றுமை? பிள்ளைகள் முதலில் ஒருவரையொருவர் குற்றஞ்சாட்டுவார்கள். மறுபடி செய்து பார்த்து, மறுபடியும் வேற்றுமை கண்டபின்பு, சிறு எண்ணிக்கையில் தற்செயலுக்கு இடம் அதிகம் என்பதை உணருவார்கள். நான்கையும் கூட்டினால் 100-க்கு 85 ஆகிறது. இந்தியக் குறைந்தபட்ச விதைச் சான்றுத் தரத்தின்படி கடலைக்கும் கோதுமைக்கும் வேண்டிய முளைப்புத்திறன் நூற்றுக்கு 85, நெல்லுக்கு 80, சோயா மொச்சைக்கு 70. முதற் குழுவை மட்டும் நம்பினால் நல்ல விதையைத் தள்ளிவிட நேரும். இரண்டாவதை மட்டும் நம்பினால் மூட்டையின் தரத்தை மிகையாக மதித்து விதையளவைக் குறைத்துவிட நேரும். பத்து விதைகளைக் கையில் ஊறவைத்து மூட்டையின் குணத்தைத் தீர்மானிப்போர் கவனிக்கவேண்டிய இடம் இது. சர்வதேச விதைப் பரிசோதனை விதிகளும் 400 விதைகளை நூறு நூறாகப் பிரித்து முளைகட்டவே சொல்கின்றன.

தற்செயலும் நிகழ்தகவும் ஹோஷங்காபாத் புத்தகத்தில் தனி அத்தியாயமாகவே வைக்கப்பட்டன. அளவையில் ஏற்படும் ஏற்றத்தாழ்வுக்கும் ஓர் அத்தியாயம் உண்டு. கல்லூரியிற் கற்பிக்க வேண்டியதைச் சிறுவர்க்குப் புகட்டுவதா என்று கேட்டவர்கள் இருந்தனர். மழையையும் சந்தை விலையையும் நம்பி வாழ்வோரின் பிள்ளைகளுக்கு இதைவிட முற்பட்ட பாடம் எது என்பதே அதற்குத் தக்க மறுவினா.

மண்ணைப்பற்றிய பாடமும் அந்த ஜில்லாவில் வெறும் ஏட்டு விஷயமன்று. 1970-க்குப் பின் தவா நதி அணையின் கால்வாய்கள் கரிசல் நிலங்களில் பாயத் தொடங்கின. வடிகால் போதாமையால் பல வயல்கள் நீர்கோத்து விளைவு குன்றின. 1977-இல் குடியானவர்கள் மண்ணைக் காக்கும் இயக்கம் ஒன்றைத் தொடங்கினர். ரசூலியா நிலையத்தாரும் அதில் ஈடுபட்டிருந்தனர். அடியில் துளையிட்ட இரு டப்பாக்களில் மணலையும் கரிசலையும் சம அளவு நிரப்பி, ஒரே அளவு நீர் ஊற்றி, எதில் எத்தனை நீர் எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று அளந்து பார்க்கும் பிள்ளைக்கு, தன் தகப்பனாரின் வயலில் நடந்த கேட்டின் காரணம் பாதி விளங்கிவிடும்.

கருவேல முள்ளும் பேதி மாத்திரையும்

கருவிகளுக்குப் பணம் எங்கே என்பது எல்லாரும் கேட்கும் கேள்வி. ஹோஷங்காபாத்தில் ஒவ்வொரு பாடசாலைக்கும் கருவிப்பெட்டி ஒன்று தரப்பட்டது. ஆனால் அதிலிருந்தவை பெரும்பாலும் மலிவானவை, ஊரில் கிடைப்பவை. பூவைப் பிரித்துப் பார்க்க எஃகு ஊசிக்குப் பதிலாகக் கருவேல முள் போதும் என்று கண்டனர். சைக்கிள் டியூபின் வால்வில் மாட்டும் சிறு ரப்பர்க் குழாய் பல கருவிகளுக்கு இணைப்பாயிற்று. அமிலத்தையும் காரத்தையும் பிரித்தறிய வேண்டிய பினால்ப்தலீன் என்னும் இரசாயனப் பொருள், அந்நாளில் மருந்துக் கடைகளில் விற்ற பேதி மாத்திரையில் இருந்தது. அம்மாத்திரையைக் கரைத்தே சோதனைத் திரவம் செய்துகொண்டனர். ஊரில் இதைப்பற்றி நகைத்தவர்களும் இருந்திருப்பார்கள். சுண்ணாம்பு நீரில் இரண்டு சொட்டு விட்டதும் அது ரோஜா நிறமாக மாறுவதைக் கண்டபின் நகைப்பு நின்றிருக்கும்.

கருவிகளைக் காட்டிலும் அருமையான பொருள் உபாத்தியாயரின் மனத்துணிவு. வினா எழுப்பும் வகுப்பில், விடை தெரியாத வினாக்கள் தினந்தோறும் வரும். "தெரியாது, பார்ப்போம்" என்று நாற்பது பிள்ளைகளின் எதிரே சொல்வது கிராமத்தில் மதிப்புடன் வாழும் ஒருவருக்கு எளிதன்று. இந்த உபாத்தியாயர்களுள் பலர் விஞ்ஞானம் விசேஷமாகப் படித்தவர்களும் அல்லர். ஆகையால் கோடை விடுமுறையில் அவர்களுக்குப் பயிற்சி வகுப்புகள் நடந்தன. அங்கே பிரசங்கங்கள் இல்லை. பிள்ளைகள் செய்யவேண்டிய சோதனைகளை அவர்களும் நால்வர் நால்வராக அமர்ந்து, பிழைபட்டும் வாதாடியும் செய்தார்கள். பாடசாலை திறந்தபின் மாதம் ஒருமுறை அண்டை ஊர் உபாத்தியாயர்கள் கூடி, எந்தச் சோதனை நடந்தது, எது நடக்கவில்லை என்று பேசிக்கொண்டார்கள். புத்தகம் திருத்தப்பட்டபோது அவர்கள் சொற்களும் இடம்பெற்றன. பிள்ளைகள் தம் சந்தேகங்களைக் கடிதமாக எழுதக் கேட்டுக்கொள்ளப்பட்டனர். சவாலிராம் என்ற கற்பனை மனிதரின் பெயருக்கு அக்கடிதங்கள் வரும். அவர் பெயராலேயே பதிலும் போகும். கிராமத்துப் பிள்ளைக்குத் தபாலில் கடிதம் வருவதென்றால் அது சிறு விஷயமா?

புத்தகத்தைத் திறந்துவைத்துப் பரீட்சை

பெற்றோர்களை மிகவும் கலக்கியது பரீட்சைதான். எட்டாம் வகுப்பு முடிவில் விஞ்ஞானப் பரீட்சைக்குப் பிள்ளைகள் தம் புத்தகத்தையும் நோட்டையும் உடன் கொண்டுபோகலாம். எழுத்துப் பரீட்சையோடு கைவேலைப் பரீட்சையும் உண்டு. புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு எழுதுவது பரீட்சையா, காப்பியடிப்பதா என்று கேட்டனர். ஆனால் புத்தகத்தில் விடையே இல்லாதபோது காப்பியடிப்பது எதை? காணாத ஓர் இலையைக் கையில் கொடுத்து, இதன் வேர் எவ்வகைப்பட்டதாக இருக்கலாம், ஏன் என்று கேட்டால், சோதனை செய்திருந்த பிள்ளை எழுதும்; செய்யாத பிள்ளை புத்தகத்தை எவ்வளவு புரட்டினாலும் எழுத முடியாது.

ஆயினும் பெற்றோரின் அச்சத்தை அறியாமை என்று தள்ளிவிடுதல் தகாது. நிலம் பாகப்பிரிவினையால் சுருங்கிவரும் காலத்தில், ஒரு பிள்ளையாவது உத்தியோகத்துக்குப் போகவேண்டும் என்று குடியானவர் எண்ணுவது இயல்பு. எட்டாம் வகுப்புவரை சோதனை வழியாகக் கற்ற பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் பழைய மனப்பாட வழிக்கே போகவேண்டியிருந்தது. "மற்ற ஜில்லாப் பிள்ளைகள் சூத்திரங்களை ஒப்பிக்கும்போது என் பிள்ளை கருவேல முள்ளோடு நிற்கவேண்டுமா?" என்ற கேள்வியில் நியாயம் உண்டு. உயர்தரப் பாடசாலைக்கு இம்முறை விரிவடையாததே திட்டத்தின் பெருங்குறை. இதுவன்றி, பயிற்சி பெற்ற உபாத்தியாயர் வேற்றூருக்கு மாற்றப்படுவதும், உடைந்த கருவிகளுக்கு ஈடு காலத்தில் வந்துசேராததும், ஒரே உபாத்தியாயர் பல வகுப்புகளைக் கவனிக்கவேண்டியிருந்ததும் நடைமுறையில் இடர் விளைத்தன. கருவிப்பெட்டி பூட்டியபடியே இருந்த பாடசாலைகளில் சோதனைப் பாடம் பெயருக்கே நடந்திருக்கும்.

இருப்பினும் திட்டம் பரவிற்று. பத்துக்கு மேற்பட்ட ஜில்லாக்களில் பல நூறு பாடசாலைகளை அடைந்தது. 2002-ஆம் வருஷத்தில் மாநில சர்க்கார் இதை நிறுத்தி, எங்கும் வழங்கிய பொதுப் பாடபுத்தகத்தையே ஹோஷங்காபாத்திலும் வைக்க உத்தரவிட்டது. நாட்டின் பல பாகங்களிலிருந்து விஞ்ஞானிகள் மறுப்புத் தெரிவித்தும் உத்தரவு மாறவில்லை. ஒரு ஜில்லாவுக்கு ஒரு புத்தகம், மற்றதற்கு வேறு புத்தகம் என்பது நிர்வாகத்துக்கு அசௌகரியம் என்பது மெய்யே. கரிசலுக்கும் செம்மண்ணுக்கும் ஒரே விதையளவும் ஒரே உரமும் சிபாரிசு செய்வதில்லை. பாடத்தில் மட்டும் அந்த விவேகம் வேண்டாமென்று தீர்ந்தது விந்தை.

புத்தகங்கள் அழியவில்லை, ஏகலவ்யா ஸ்தாபனம் அவற்றைப் பிற்பாடும் பதிப்பித்தது. 2005-ஆம் வருஷத்து தேசியக் கலைத்திட்டச் சட்டகம், விஞ்ஞானம் மனப்பாடத்தால் அன்றிச் செய்கையாலும் விசாரணையாலும் கற்பிக்கப்படவேண்டும் என்று வற்புறுத்தியது. எழுத்தளவில் இன்று இதை மறுப்பார் இல்லை. வகுப்பறையில் என்ன நடக்கிறது என்பது வேறு விஷயம்.

கிராமத்தில் நிலமும் செல்வாக்கும் உடையோர் செய்யக்கூடியது சிறிதன்று. 2009-ஆம் வருஷத்துக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு உறுப்பினர் பெற்றோர்களாக இருத்தல் வேண்டும். அக்குழுவில் கட்டிடமும் சுற்றுச்சுவரும் பேசப்படுவதுபோல், விஞ்ஞானப் பாடத்தில் சென்ற மாதம் பிள்ளைகள் தம் கையால் செய்த சோதனைகள் எவை என்றும் கேட்கலாம். பாடசாலைக்கு அருகே வயலுள்ளவர், ஒரு பாத்தியைப் பிள்ளைகளின் பரீட்சைக்கு விடலாம். நஷ்டம் கால் மரக்கால் தானியத்துக்கு மேல் போகாது. விதைப்புக்குப் பதினைந்து நாள் முன்னதாக, வீட்டு விதையில் 400 எண்ணிப் பாடசாலைக்கு அனுப்பினால், ஆறாம் வகுப்பார் அதை நூறு நூறாகப் பிரித்து ஈரத்துணியில் முளைகட்டி எண்ணிச் சொல்வார்கள். அனுப்புகிறவர் அதே மூட்டையிலிருந்து நூறு விதைகளைத் தாமும் சாக்கில் முடிந்து வைத்திருந்து, பிள்ளைகள் கொண்டுவரும் கணக்கோடு ஒப்பிட்டு, வேற்றுமை இருந்தால் அதன் காரணத்தை அவர்களையே கேட்கலாம்.